நாடா இல்லாத பாவாடை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை, ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. விமான நிலையத்தில் காலை ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்குத் தையல் வேலை. பிளவுஸ் தைப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா, சீனாவின் தென்கோடியில் வாழும் டாய் இனத்தவர். மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மணப்பெண் கட்டுவதற்காகத் தன்னுடைய பாவாடையைத் திங்களன்றே கொண்டுவந்து தந்தார். கீழ்க்கரையில் தையல் விட்டிருந்தது, அதை மட்டும் தைக்கச் சொன்னார். விரித்துப் பார்த்து அசந்துபோனேன். வரி வரியாக மயில்களும் யானைகளும், எல்லாம் தறியிலேயே நெய்தவை. மயில் நல்வாழ்வுக்காம், யானை நல்ல விளைச்சலுக்காம். அட, எங்கள் காஞ்சிபுரச் சேலைக்கு இதுவும் ஒரு சொந்தம்தான் என்று நானும் உரிமை கொண்டாடினேன்.

ஆனால் மேலே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் வெள்ளைப் பருத்தித் துணி. நாடா இல்லை, கொக்கி இல்லை. இடுப்புக்குள் இரண்டு பேர் நுழையலாம். கல்யாண வீட்டில் அவிழ்ந்து விழுந்தால் பிள்ளையின் மானம் என்ன ஆவது! கேட்காமலே ஓர் உதவி செய்வோமென்று, அந்த வெள்ளைத் துணியை வெட்டியெடுத்துவிட்டு, சேலைப் பாவாடைக்குச் செய்வதுபோல மடித்துத் தைத்து நாடா கோத்துவிட்டேன்.

வெள்ளி மத்தியானம் வந்தவர் பாவாடையை விரித்துப் பார்த்தார். வெட்டிய இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த வெள்ளைத் துணியை மடித்துச் செருகி, அதன்மேல் வெள்ளி ஒட்டியாணத்தைப் பூட்டுவதுதான் முறை. தன் அம்மா தனக்குத் தந்த ஒட்டியாணத்தை அவர் நாளைக்கு மகளுக்குப் பூட்ட இருந்தார். இடுப்பைப் பெரிதாக விட்டதும் தெரிந்துதான். மெலிந்தாலும் பெருத்தாலும் அதே பாவாடை. இந்த மகள் வயிற்றில் இருந்தபோதும் அவர் அதைத்தான் கட்டினாராம்.

“கேளாமல் ஏனப்பா வெட்டினனீர்?” என்றார் என் கணவர்.

“நல்லதுக்கெண்டுதான் செய்தனான்” என்றேன் நான்.

வெட்டுத்துண்டுப் பையைக் கணவர் அப்படியே தரையில் கொட்டினார். லைனிங் துண்டுகளுக்குள் கையைவிட்டுத் துழாவி, “இஞ்ச கிடக்கு!” என்று கத்தினார். எனக்கு உயிர் வந்தது. நாடாவைப் பிரித்தேன். அந்த அக்கா ஓர் ஊசியை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரு நுனியிலிருந்தும் நான் மறு நுனியிலிருந்தும் கையாலேயே தைத்து நடுவில் சந்தித்தோம். ஒட்டுத் தெரிகிறதே என்று நான் புலம்ப, ஒட்டியாணம் மறைத்துவிடும் என்று சிரித்தார். அந்தப் பெருந்தன்மை எனக்கு வந்திருக்காது.

மறுநாள் காலை, அவிழ்ந்தால் குத்துவதற்குக் கைப்பை நிறைய ஊக்குகளோடு கல்யாண வீட்டுக்குப் போனேன். கொண்டையில் பூவோடு நின்ற மகளுக்கு, அம்மா ஒரே மடிப்பில் செருகி ஒட்டியாணத்தைப் பூட்டினார். பிள்ளை பின்னேரம்வரை ஆடினாள். ஓர் அங்குலம் நழுவவில்லை.

இப்போது யார் துணி கொண்டுவந்தாலும், “இதை எப்பிடிக் கட்டுவியள்?” என்று முதலில் கேட்கிறேன். தேவையில்லாதது என்று நான் வெட்டியெறிந்த அந்த ஒரு சாண் துணிதான் அந்தப் பிள்ளைக்குத் தாய் வயிற்றில் இருந்தபோதே இடம் விட்டு வைத்திருந்தது என்பதை நினைத்தால், கத்தரிக்கோல் பிடித்த கை இன்றைக்கும் கொஞ்சம் நின்றுதான் போகிறது.