தோற்றவன் எழுந்து நிற்க வேண்டும்

1. பெட்டி பிரித்த அன்று

கேம் கன்சோலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த அன்று என் மனைவி சாந்தி கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆவுமா?" என்பதுதான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். ஜெராக்ஸ் எடுப்பது, பட்டா, சிட்டா பிரிண்ட் போடுவது, சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் பதிவது, மனு எழுதிக் கொடுப்பது, இவைதான் தொழில். மத்தியானத்துக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். பின்னறையில் ஒரு டிவியும் இரண்டு நாற்காலியும் போட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை கேம் ஆட விடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

முதலில் வாங்கியது ஒரு சூப்பர் ஹீரோ சண்டை கேம். பன்னிரண்டு வீரர்கள். ஒருவனுக்கு இறக்கை, ஒருவனுக்குக் கருங்கல் உடம்பு, ஒருத்தி கையிலிருந்து மின்னல் விடுவாள். இரண்டு பேர் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு அடித்துக்கொள்ள வேண்டும். அட்டையில் கருங்கல்காரன் முறைத்த முறைப்பைப் பார்த்துவிட்டு, "இத்த ஆடிட்டு பசங்க வூட்ல இருக்கற தட்டுமுட்டெல்லாம் ஒடைக்கப் போவுதுங்க" என்றாள் சாந்தி.

எந்த வயதுக்கு ஏற்றது என்று அட்டையிலேயே ஒரு நம்பர் போட்டிருந்தது. அந்த நம்பரைப் போட்டவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தவர் இல்லையே. அதனால் நானே மூன்று நாள் உட்கார்ந்து ஆடிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். ரத்தம் வருகிறதா? இல்லை, பொறிதான் பறக்கிறது. யாராவது சாகிறார்களா? இல்லை, விழுந்தவன் அடுத்த ரவுண்டுக்குத் தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறான். கெட்ட வார்த்தை? இங்கிலீஷில் ஏதோ உறுமுகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாகவே தெரியும். மின்னல்காரியின் உடுப்பு கொஞ்சம் இறுக்கம். அதற்கு சாந்தி, "சீரியல்ல வர்றதுக்கு இது எவ்ளவோ மேலு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகள் ஆட ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒரு கேம் பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்பது டிவியில் தெரியாது, தோற்றவன் முகத்தில் தெரியும். முகம் கறுத்து, மறுநாளும் கறுத்தே வந்தால் அந்தப் பிள்ளைக்கு அது ஆகவில்லை என்று அர்த்தம். அப்படி இரண்டு பேரை நானே நிறுத்தியிருக்கிறேன்.

மூன்று விதிகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதிமூன்று வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆடக் கூடாது. ஜெயித்தவன் நாற்காலியிலேயே இருப்பான், தோற்றவன் எழுந்து கன்ட்ரோலரை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். இந்த மூன்றாவதை மீறி அதைத் தூக்கி எறிந்தால் ஒரு வாரம் உள்ளே வரக் கூடாது.

மூன்றாவது விதியைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

2. மின்னல்காரி

மானாம்பதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பையன்கள் வருவார்கள். ஹரீஷ், சாலமன். ஒரே வகுப்பு, பத்தாவது. ஹரீஷ் ஊர்த்தெருப் பையன், நிலபுலம் உள்ள வீடு. சாலமன் காலனிப் பையன். அப்பா இல்லை. அம்மா செல்வமேரி நடவு, களை என்று கூலிக்குப் போகிறவர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் ஊருக்குள் ஒருவன் வீட்டுக்குள் இன்னொருவன் போனதில்லை என்பதை அவர்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சாலமன் எப்போதும் மின்னல்காரியைத்தான் எடுப்பான். "இன்னாடா, பொம்பளைய எடுக்கற?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். "அவதான்டா வேகம்" என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஹரீஷ் விடாப்பிடியாகக் கருங்கல்காரனை எடுப்பான், விடாப்பிடியாகத் தோற்பான். தோற்றதும் எழுந்து கன்ட்ரோலரை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, சாலமன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஆட்டம் எனக்குடா, வுடமாட்டேன்" என்று சிரிப்பான். மாதக்கணக்கில் பார்த்தேன், அவன் முகம் ஒரு நாளும் கறுக்கவில்லை.

3. கண்ணாடிக் கதவு

ஒருநாள் சாயங்காலம் ஹரீஷின் அப்பா தணிகாசலம் சிட்டா எடுக்க வந்தார். நான் பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னறைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாருப்பா அது, குந்திகினு கீறது?"

"சாலமனுங்க. உங்க பையன் கிளாஸ்தான்."

"எம் பையன் இன்னாத்துக்கு நின்னுகினு கீறான்?"

"தோத்துட்டாங்க. தோத்தவன் எழுந்துக்கணும், அதான் இங்க ரூலு."

அவர் சுவரில் இருந்த அட்டையைப் படித்தார். திரும்பக் கதவைப் பார்த்தார். உள்ளே ஹரீஷ் சிரித்துக்கொண்டே நின்றிருந்தான். முகம் கறுத்தது அந்தக் கடையில் ஒருவருக்குத்தான். அவர் ஆடவே இல்லை.

"அடிச்சிக்கிற ஆட்டமெல்லாம் வயசுப் பசங்களுக்கு ஆவுமா பாலு? நீ படிச்சவன், நீயே சொல்லு."

"ரத்தம் கித்தம் இல்லீங்க. நான் ஆடிப் பாத்துட்டுதான் வுட்டேன்."

"இன்னொரு தபா நல்லா பாரு" என்று சொல்லிவிட்டு சிட்டாவை மடித்துக்கொண்டு போனார். அவர் எதைப் பார்க்கச் சொன்னார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

4. ஐந்து நிமிஷ வேலை

அடுத்த மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பேரும் கேமில் வருகிற மாதிரி குதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஹரீஷ் கால் இடறி விழுந்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. அவனைத் தோளில் சாய்த்து ஆசிரியரிடம் கூட்டிப்போனதே சாலமன்தான். அவனோடு படித்த பிள்ளைகள் அன்றே வந்து என்னிடம் சொன்னார்கள்.

மறுநாள் காலை தணிகாசலம் வந்தார்.

"ஸ்கூல்ல கேக்கறாங்க. அந்த கேம் பசங்களுக்கு ஆவாதுன்னு ஒரு தாள்ல எய்திக் குடு. அந்தப் பையன் இங்க எப்டி ஆடுவான், எப்டி மொறைப்பான்னு அதையும் எய்து. நீதான பாத்துகினு இருந்த?"

"ரெண்டு பேருந்தாங்க ஆடினாங்க."

"பல்லு போனது எம் பையனுக்கு." பிறகு மெதுவாக மேலே கூரையைச் சுற்றிப் பார்த்தார். "எம் மச்சான் கட்டடம் இது. கடைய நல்லா வெச்சிகினு கீற. இப்டியே வெச்சிக்கோ."

அதட்டவில்லை, கையை ஓங்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆயிரக்கணக்கில் மனு எழுதிய கை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'மேற்படி விளையாட்டு வளரிளம் பருவத்தினருக்கு ஏற்றதல்ல. அதில் மூழ்கிய மாணவன் சாலமன் மற்ற மாணவர்களிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, சென்டரின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினேன். இரண்டு பேர் ஆடிய ஆட்டம், தாளில் இருந்தது ஒருவன் பெயர். சாந்தி ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மூன்று நாள் ஆடி, மாதக்கணக்கில் முகம் பார்த்து, நோட்டுப் போட்டு எழுதிய தீர்ப்பை அப்படித்தான் மாற்றினேன்.

5. பூட்டிய அறை

பின்னறையைப் பூட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து சாலமன் வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேம் இல்லியாண்ணா?"

"அது பசங்களுக்கு ஆவாதாம்ப்பா" என்றேன், யாரோ சொன்னதைச் சொல்வது போல.

"நெசமாவாண்ணா?" என்று கேட்டான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பிப் போய்விட்டான். அவனை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

பள்ளிக்கூடத்தில் செல்வமேரியைக் கூப்பிட்டு, பையன் நடத்தை சரியில்லை, டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. வேறு பள்ளிக்கூடத்தில் சேர அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவோடு தாம்பரம் பக்கம் பெயிண்டிங் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

ஹரீஷ் ஒரு முறை வந்தான். உடைந்த பல்லைக் கட்டியிருந்தார்கள். "நானுந்தானண்ணா ஆடினேன்?" என்று கேட்டான். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவனை ஹாஸ்டலில் போட்டுவிட்டார்கள். நான் அந்தக் கட்டடத்திலேயே இன்னும் ஏழு வருஷம் நல்லபடியாகக் கடை நடத்தினேன். அந்த நல்லபடியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

6. பிளாஸ்டிக் கவர்

இப்போது புதிதாக கேம் சென்டர் போடும் பிள்ளைகள் என்னிடம் வந்து, எந்த கேமை எந்த வயசுக்கு விடலாம் சார் என்று கேட்கிறார்கள். ரத்தம் பாருங்கள், பேச்சைக் கேளுங்கள், தோற்றவன் முகத்தைப் பாருங்கள் என்று சொல்கிறேன். அதோடு, ஆகுமா ஆகாதா என்று யாராவது பெரியவர் வந்து கேட்டால் கேட்கிறவர் முகத்தையும் பாருங்கள், அவர் எந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறார் என்பதையும் பாருங்கள் என்கிறேன். அதைப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், கீழே உள்ளதுதான்.

கடையைக் காலி செய்வதற்கு முந்தின வாரம் செல்வமேரி வந்தார், உதவித்தொகைக்கு மனு போட. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான்காகச் சீராக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளும் வந்தது. மடிப்பில் என் ஸ்டாம்ப் தெரிந்தது.

"இது டிசியோட ஸ்கூல்ல குடுத்தாங்க சார். இன்னாவோ முக்கியமான பேப்பருன்னு பத்தரமா வெச்சிகினு கீறேன். பையனைப் படிக்கச் சொன்னா எழுந்து பூடுவான். இதுல இன்னா கீதுன்னு கொஞ்சம் படிங்க சார்."

பழைய பேப்பர்தாம்மா, தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தேன். சாலமன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் படித்தேன்.

"யாரு சார் எய்தினது?"

"நாந்தாம்மா."

"நெசமா சார் இது?"

"இல்லம்மா. பொய்யி. அந்த ஆட்டம் கெட்டதில்ல. உங்க பையன் ஒருத்தரையும் மொறைச்சதில்ல. பயந்துகினு எய்திக் குடுத்துட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏழு வருசமா அவன ஏசிகினு கீறேன் சார்" என்றார். "இன்னாடா பண்ணித் தொலைச்ச, இன்னாடா பண்ணித் தொலைச்சன்னு. நான் ஒண்ணுமே பண்ணலம்மான்னுதான் சொல்லுவான். நான் நம்பல. ஸ்கூல்லயே சொல்லி பேப்பரும் குடுத்துகிறாங்களேன்னு நம்பல. இப்ப வூட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப, அத்த எய்திக் குடுங்க. இப்ப சொன்னீங்களே, அத்த."

எழுதினேன். 'மேற்படி விளையாட்டில் தவறு எதுவும் இல்லை. மாணவன் சாலமன் மீதும் தவறு எதுவும் இல்லை. நான் முன்பு எழுதிக் கொடுத்தது பொய்.' கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத்த எங்க சார் குடுக்கணும்?"

எங்கள் தொழிலில் ஜனங்கள் தினம் கேட்கிற கேள்வி இது. தாலுகா ஆபீஸ், விஏஓ, ரெண்டாவது கவுன்டர் என்று யோசிக்காமல் சொல்லி அனுப்புவேன். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.