வெளித் தாழ்ப்பாள்

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதலில் சிரித்தவன்தான். என் மச்சான் சொல்லி முடித்த பிறகு சிரிப்பு வரவில்லை. மச்சான் குழாய் ரிப்பேர் செய்பவன். வாய்தான் நீளமே தவிர, கோர்வையாகப் பொய் சொல்ல அவனுக்கு வராது.

அன்று காலை பதினொன்றே கால். தனியாக வசிக்கும் ஒரு பெரியவர் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போயிருந்தான். வாசல் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டு வந்தார் பெரியவர்.

"கதவைச் சாத்திக்கிட்டு வேலையைப் பாருப்பா. சத்தம் மண்டையைப் பிளக்குது."

மச்சான் சாத்திக்கொண்டான். அவன் போன் கூடத்தில், பையோடு கிடந்தது.

வேலை பாதியில்... தொம்!

கதவைத் தள்ளினான். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. விரலளவு நகர்ந்து நின்றுவிட்டது. குனிந்து அடியிடுக்கில் பார்த்தான். பெரியவரின் முகம். திறந்த கண். கண்மேலேயே ஓர் ஈ நடந்தது. இமை அசையவில்லை.

பூட்டிய வீடு. செத்த மனிதர். கூட இவன் ஒருவன். கொலைப்பழி விழுந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில்தான். காற்று வருகிற சிறு ஜன்னல் வழியே தொண்டை கிழியக் கத்தினான்.

"போலீசுக்குச் சொல்லிட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கப்பா!" என்றது பக்கத்து வீட்டம்மாவின் குரல்.

எங்கே பொறுப்பது? கையை விரித்தால் சுவர் இடிக்கிற அறை. மூச்சு முட்டியது. செத்தவரைக் கொஞ்சம் ஒதுக்கினால்தான் என்ன? தோள் கொடுத்துத் தள்ளினான்.

கதவு திருப்பித் தள்ளியது.

க்ளக்.

வெளித் தாழ்ப்பாள்.

"யா... யாரு?"

"போலீஸ்." கரகரத்த குரல். "தள்ளாதே. விசாரணை அதிகாரி வர்ற வரைக்கும் பிணத்தை அசைக்கக் கூடாது. சட்டம். அசைச்சா பழி உன் மேலதான்."

"என்னைத் திறந்து விடுங்க சார்..."

"முப்பது வருஷமா இதே வேலை. ஒருத்தரையும் அசைக்க விட்டதில்ல."

அப்போதுதான் உறைத்தது. வாசல் திறந்த சத்தம் கேட்கவே இல்லையே. காலடியும் இல்லை.

குரல்... தரையிலிருந்து வந்தது.

மூலையில் ஒடுங்கினான். குழாய் சொட்டியது.

சொட்... சொட்...

"குழாயை மூடுப்பா. மண்டையைப் பிளக்குது."

பன்னிரண்டு இருபதுக்கு வாசல் கதவு உடைபட்டது. போட்டோ எடுத்து, அளந்து, உடலைக் கூடத்துக்கு நகர்த்திய பிறகே தாழ்ப்பாளைத் திறந்தார்கள்.

"நல்ல வேளை நீ தள்ளல" என்றார் அதிகாரி. "தலையில அடி. உடம்பு இடம் மாறியிருந்தா உன்னைத்தான் உள்ளே வெச்சிருப்போம். ஆமா, தாழ்ப்பாள் போட்டது யாரு?"

"உங்க ஆளுதான் சார்."

"எங்க ஆளா? வாசலையே இப்பதானே உடைச்சோம்!"

விழுந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். அதிகாரி இப்போது குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இவரா... எங்க ஸ்டேஷன்ல பிணத்துக்குக் காவல் உட்கார்ந்த ஆளுப்பா. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதுதான் வேலை. இவரு இருந்தா நாங்க வர்ற வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வர முடியாது."

மச்சான் அப்போதுதான் பெரியவரின் வலது கையைப் பார்த்தான்.

விரல்களில் தாழ்ப்பாளின் துரு ஒட்டியிருந்தது.