எங்கள் வீட்டுப் படி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்களே சந்தா கட்டி நடத்தும் மருத்துவ உதவிச் சங்கம், விழுந்து அடிபட்டால் செலவு தரும். குடும்பச் சண்டையில் அடிபட்டால் தராது. என் மகன் குடித்துவிட்டு மருமகளின் கையை முறித்தபோது, படியில் வழுக்கியதாகச் சொல்லவைத்தேன்.

சங்கத்தால் பயன் உண்டா என்று விசாரிக்க இரத்தினபுரியிலிருந்து ஒரு மிஸ் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தார்.

“இந்த லயத்துல பொம்பளைங்க மட்டும் விழுறாங்களே. அந்தப் படியக் காட்டுங்கம்மா.”

“படி வேலைக்குப் போயிருக்குங்க மிஸ். சாயங்காலம் குடிச்சிட்டு வரும்.”

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். கட்டுப் போட்ட கையோடு நின்ற மருமகள் சிரிக்கவில்லை.

அன்று மாலை மகன் அவள்மேல் கை ஓங்கியதும், விறகுக்கட்டையால் அவன் முழங்காலில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

சங்கத்தில் அவனும் படியில் வழுக்கியதாகவே சொன்னான். செலவு கிடைத்தது. பெற்ற பிள்ளையை அடித்த என் கை இன்னும் வலிக்கிறது. அதற்கு எதைச் சொல்லிக் கேட்பது?