உட்காரத் தெரியாத மேனேஜர்

சென்ற வாரம் எங்கள் ஒபிசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். முதலாளியின் மச்சினருக்கு வெளிநாட்டு விசா கிடைத்துவிட்டதாம். அதே நாளில்தான் என் அண்ணனுக்கு விசா இல்லை என்ற செய்தியும் வந்தது. லட்டு எப்படி இறங்கும், சொல்லுங்கள்?

இரத்தினபுரியில் நான் வேலை செய்யும் கம்பெனி, றக்வானப் பக்கத்துத் தேயிலையை வாங்கி, கலந்து, பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்கிறது. முதலாளி ஒரு குளிர் தேசத்தில் பணம் போட்டு, அங்கேயும் ஒரு கம்பெனி திறந்திருக்கிறார். நாட்டின் பெயர் வேண்டாமே... நாளைக்கு எனக்கும் விசா தேவைப்படலாம்.

அந்த நாட்டுச் சட்டம் ரொம்பத் தாராளம். பணம் போடுகிறவருக்கு முதலீட்டாளர் விசா. கம்பெனியை நடத்த இங்கிருந்து ஆட்கள் வேண்டுமா? மாற்றல் கொடுத்துக் குடும்பத்தோடு அழைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை — அவர்கள் மேனேஜர்களாக இருக்க வேண்டும்.

அவ்வளவுதான். மழைக்குப் பிறகு காளான் முளைக்கிற மாதிரி எங்கள் கம்பெனியில் மேனேஜர்கள் முளைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் ஒபிசுக்கு வரும் மச்சினர், சர்வதேச விற்பனை மேனேஜர் ஆனார். அந்தப் பட்டத்தை டைப் செய்தவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஏ.எல். வரை படித்தவள் நான். படித்த படிப்பு எதற்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்!

அந்தக் கூட்டத்தில் நிஜமான மேனேஜர் ஒருவர்தான். என் அண்ணன் மோகன். தேயிலை கலக்கும் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. ஆட்களுக்கு லீவு கொடுப்பது, லொறியை அனுப்புவது, நின்றுபோன மெஷினை ஓட வைப்பது — எல்லாம் அவர்தான். ஆனால் அவருக்குப் பதவிப் பெயர் கிடையாது. “டேய் மோகன்” என்பதுதான் பதவி.

அண்ணன் இன்னமும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரே காம்பராவில் குடும்பம் நடத்துகிறார். விசா கிடைத்தால் தனி வீடு. மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். அண்ணி குளிருக்கு என்று மகள் அளவில் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டார்.

இன்டர்வியூவுக்கு நான்தான் அண்ணனைத் தயார் செய்தேன். என்ன கேட்டாலும் பதில் சொல்லும் அளவுக்கு மனப்பாடம். டை கட்டினோம். புதுச் சப்பாத்து வாங்கினோம்.

கொழும்பில் என்ன நடந்தது என்று அண்ணனே சொன்னார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போயிருக்கிறார். கதவுக்குள்ளே வெள்ளைக்கார அதிகாரி. அண்ணன் புதுச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு உள்ளே நுழைந்திருக்கிறார். அதிகாரி கதிரையைக் காட்டினார்.

“பரவாயில்லைங்க தொரை, நிக்கிறேன்.”

மொழிபெயர்ப்பாளர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அப்போதும் அண்ணன் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லியிருக்கிறார். கடைசியாக, கம்பெனியில் உங்கள் அறை எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம்.

“ரூம் இல்லைங்க. முதலாளி கூப்புட்டா போவேன்.”

இவர் மேனேஜர் என்று நம்ப முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் தோட்டங்களில் துரைக்கு முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை. கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனாலும் சரி, சாவுக்குப் பெட்டி கேட்கப் போனாலும் சரி, செருப்பு வெளியே, ஆள் நின்றபடி. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூச்சு விடுவது மாதிரி வந்துவிடும். மூச்சை எப்படி நிறுத்துவது என்று இன்டர்வியூவுக்கு யாராவது பயிற்சி கொடுப்பார்களா?

மச்சினர் எப்படித் தேறினாராம்? கதிரையில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் “நல்ல கேள்வி” என்றாராம். மேனேஜருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். அண்ணன் இல்லாமல் அங்கே ஒரு பெட்டித் தேயிலையும் வெளியே போகாது. மறுபடி விண்ணப்பிக்க முடிவு செய்து, நேற்று எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். எப்படி உட்கார வேண்டும் என்று பாடம் ஆரம்பித்தார். முதுகு நேராக இருக்கணும், கை இப்படி வைக்கணும், கண்ணைப் பார்த்துப் பேசணும்... பாடம் நீண்டுகொண்டே போனது. முதலாளி உட்கார்ந்திருந்தார். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரை காலி. அண்ணன் கதவோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“முதலாளி, மொதல்ல இங்கயே உக்காரச் சொல்லுங்க. பழகிக்கட்டும்.”

“சும்மா இரு தங்கச்சி,” என்றார் அண்ணன், மெதுவாக.

முதலாளி சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

“ஆ... அதுக்கென்ன. உக்காரு மோகன்.”

அண்ணன் வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தார்.

முதலாளிக்குத் திடீரென்று கோடவுனில் ஓர் அவசர வேலை ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டார்.

இந்த முறை விசா கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் உட்காரப் பழகிவிட்டார் — எதிரே உட்காரத்தான் முதலாளிக்கு இன்னும் பயிற்சி போதவில்லை.