முதலாளியம்மா கொண்டுவந்த தாம்பூலத் தட்டு

என்னைப் பெண் கேட்டு வடகரைக்கு வந்தவர்கள் மாப்பிள்ளை பந்தாடுகிறவர் என்றுதான் சொன்னார்கள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "பந்தாடினா சோறு கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். "தென்காசியில வந்து விசாரிச்சுப் பாருங்க அண்ணாச்சி. அவன் காலுக்காகவே பஸ் முதலாளி வேலை குடுத்து வச்சிருக்காரு" என்றார்கள். அது பொய் இல்லை. அந்த வேலைக்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அது ஐம்பதுகளின் கடைசி. முதலாளிக்குக் கால்பந்து என்றால் பைத்தியம். எந்த ஊரில் ஒருவன் நன்றாக ஆடினாலும் பிடித்துவந்து தன் பஸ் ஷெட்டில் போட்டுவிடுவார். காலையில் டயருக்குக் காற்றடிக்க வேண்டும், பஸ் கழுவ வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டும். டிரைவரும் கண்டக்டரும் நிரந்தர ஆட்கள். ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் தற்காலிகம். கால் ஓடுகிற வரைக்கும் வேலை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அந்த டீமுக்கு சென்டர் பார்வர்டு. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் தென்காசியில் போட்டி தொடங்கிவிடும். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் டீம்கள் வரும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பாதிக் கூட்டம் மைதானத்துக்கு வந்து நிற்குமாம். நான் பார்த்ததில்லை. பொம்பளைகள் அங்கே போகிற வழக்கமில்லை. அவர் கோல் போட்டால் சத்தம் எங்கள் அடுக்களைக்குக் கேட்கும். உலையில் அரிசி போட்டுக்கொண்டே நான் எண்ணிக்கொள்வேன்.

கல்யாணமான மறுவருஷம் அவருடைய வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. வெளியே மூச்சு விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஆளைப் பற்றிப் பேசுவார். அவர்கள் டீமில் கோல் காத்தவர், தோள் எலும்பு முறிந்த மறுவாரமே ஷெட்டிலிருந்து நிறுத்தப்பட்டு, இப்போது பேரருவிக்கரையில் வருகிறவர் போகிறவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். "ரெண்டு சீசன் தாங்கும் இந்த முட்டி. அதுக்குள்ள வேலையை நிரந்தரம் பண்ணிரணும்" என்பார். அப்போது நான் முழுகாமல் இருந்தேன், நாலு மாதம். அவர் பயத்தில் பாதி என் வயிற்றிலும் இருந்தது.

அந்த வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி முகத்துக்கு நேராகவே சொன்னாராம். "வேலை நிரந்தரம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. நானும் போடுதேன்."

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் வாக்கு போதாதாலே? இத்தனை பஸ்ஸும் என் வாக்குலதாம்லே ஓடுது!" என்று கத்தியிருக்கிறார். இவரும் மசியவில்லை. பாரம் மேஜையிலேயே கிடந்தது. திங்கட்கிழமைக்குள் பெயர் போகாவிட்டால் அந்த சீசன் அவருக்கு இல்லை. ஊரில் அதே பேச்சு. கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "என்னளா, ஒன் வீட்டுக்காரருக்கு இவ்வளவு ரோசமா?" என்றார்கள். சிலர் பெருமையாகக் கேட்டார்கள், சிலர் குத்திக் கேட்டார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரம். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற அரவம் கேட்டு வந்து பார்த்தால் முதலாளியம்மா. காரில் வரவில்லை, சாரலில் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தார். கையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், ஒரு பந்து மல்லிகைப் பூ. உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்தேன்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்டார். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். தட்டை நீட்டி, "எல்லாம் நல்லபடியா முடியும்ளா. நான் இருக்கேன்" என்றார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், மாசமாக இருக்கிற எவள் மஞ்சள் குங்குமத்தை வேண்டாம் என்பாள்? வாங்கிக்கொண்டேன்.

அவர் தெருமுனை தாண்டவில்லை, எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள். "தாம்பூலத்தை வாங்கிட்டியா? அப்ப ஒன் வீட்டுக்காரரு கையெழுத்துப் போட்டுத்தாம்ளா ஆகணும்."

பகீரென்றது. எங்கள் வடகரையில் வயல் குத்தகைக்கும் அப்படித்தான். வெற்றிலை பாக்கை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற முடியாது. ஐயோ, இவரை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே!

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு வந்தா?"

"முதலாளியம்மா."

"அவுகளேவா? நம்ம வீட்டுக்கா?"

"ஆமா."

"நடந்தா வந்தாவ?"

ஒன்றையே மூன்று தடவை கேட்டார். அப்புறம் பேச்சில்லை. தலைவலி என்று சொல்லிச் சோற்றைக்கூடத் தொடாமல் படுத்துவிட்டார். கோபம் வந்தால் அவர் பேச மாட்டார். அதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விடிந்ததும் என்னிடம் சொல்லாமல் எங்கோ போய்விட்டார். நான் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தேன். என் தப்பை நானே சரி செய்கிறேன் என்று அப்படி ஒரு வீறாப்பு.

முதலாளியம்மா தட்டைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனார். மங்கலப் பொருளை யாரும் திருப்பிக் கொண்டுவந்து அவர் பார்த்திருக்க மாட்டார். நானும் பார்த்ததில்லை. மெதுவாகக் கேட்டார், "இது ஒன் வீட்டுக்காரரு சொல்லியா கொண்டாந்தே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், இவள் யார் துள்ளுவதற்கு என்று நினைத்துவிடுவாரே என்று பட்டது. தலையை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா. அவுகதான் குடுத்துட்டு வரச் சொன்னாவ" என்றேன்.

தட்டை வாங்கி உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி உட்கார்ந்திருக்கிறார். மைதானத்துக்குப் போய் ஓடிப் பார்த்துவிட்டு, கோயிலுக்கும் போய்வந்தாராம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஏட்டி, இட்லி எடுத்து வை. கையெழுத்துப் போடப் போறேன்."

"வேலை நிரந்தரம்னு லெட்டர்?"

"லெட்டர் எதுக்கு? ஷெட்டுல காத்தடிக்கவன் வீட்டுக்கு முதலாளியம்மா நடந்து வந்திருக்காவ. வேலை தாரேன்னு முதலாளி வாயைத் தொறந்து சொல்ல முடியாம பொண்டாட்டியை அனுப்பியிருக்காரு. அந்தத் தாம்பூலத்தை மீறி என்னை நிறுத்திருவாரா? தாளைக் கிழிச்சுப் போடலாம், இதைக் கிழிக்க முடியுமா? ராத்திரி பூரா எனக்கு உறக்கமே இல்ல, போ."

சொல்லிக்கொண்டே சாமி மாடத்தைப் பார்த்தார். "தட்டு எங்க?"

சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார். அந்தக் கோலத்திலேயே ஷெட்டுக்கு ஓடினார். கேட்டைத் திறக்கவில்லையாம். முதலாளி உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை இவர் பெயர் இல்லாமல் பாரம் போனது. அடுத்த வருஷம் கொல்லத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள், முட்டி மடங்கவில்லை. புளியறையில் ஒரு மரக்கடையில் காவலுக்குச் சேர்ந்தார்.

என்னை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. முதலாளியை மட்டும் சாகிற வரைக்கும் மன்னிக்கவில்லை. "சின்னப் பொண்ணு, வெவரம் தெரியாம தட்டைத் திருப்பிக் கொண்டு போயிட்டா. நீதான் அனுப்பினியாலேன்னு அந்த ஆளு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று பிள்ளைகளிடம் சொல்லுவார், பேரன்களிடம் சொல்லுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, "ஆமா, கேட்டிருக்கலாம்" என்பேன். முதலாளியம்மா என்னிடம் கேட்டார் என்பதையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.