தம்பி குதித்த ஆட்டம்

என் தம்பி சசிதரன் புக்கிட் பெலண்டோக் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். மற்றப் பையன்கள் காற்பந்து ஆடுவார்கள். இவன் மட்டும் சாலைக்கு அப்பால் இருந்த சீனப்பள்ளித் திடலில் போய் நிற்பான். அங்கே கூடைப்பந்து. வெளியே ஓடிவரும் பந்தை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். நாங்கள் செனாவாங் நகரத்துக்குக் குடிவந்தபோது வாசல் நிலை தலையில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தான். இப்போது கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். தொழிற்பேட்டைக் கூடைப்பந்துக் குழுவுக்கு அவன்தான் உயிர். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அவனைப் போல் எழும்பிக் குதிக்கும் ஆளை நான் எந்தத் திடலிலும் பார்த்ததில்லை.

போன ஆண்டு ஓர் ஆட்டத்தில் குதித்து இறங்கியவன் எழுந்திருக்கவில்லை. இடது முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது. பச்சைக் குச்சி முறிந்தது போன்ற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அறுவை செய்த டாக்டர், "மறுபடி அறுந்தா நடக்கறதே சிரமம்" என்றார்.

குழுவின் செலவெல்லாம் சிரம்பான் இரும்புக்கடை முதலாளி சாத்தப்பனுடையது. திடல் வாடகை, வேன், சட்டை எல்லாம் அவர் பணம். சசி ஆடினால் டிக்கெட் விற்கும். சட்டையில் இருக்கும் கடைப் பெயரை நாலு பேர் பார்ப்பார்கள். சசி படுத்ததும் கூட்டம் கரைந்தது. முதலில் வேன் நின்றது. பையன்கள் மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் ஆட்டத்துக்குப் போனார்கள். பிறகு திடல் வாடகையும் பாக்கி விழுந்தது. கடைசியில் முதலாளி சொல்லி அனுப்பினார்: புது ஆண்டின் முதல் ஆட்டத்தில் சசி இறங்கினால் பணம் வரும், இல்லாவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாம்.

டாக்டர் இன்னும் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தார். பயிற்சியாளர் முருகையா அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"தனம், பத்து நிமிஷம் போதும்லா. சும்மா நின்னுட்டு வரட்டும்."

"நிக்கறதுக்கு அவன் எதுக்குண்ணே? என்னைய வுடுங்க, நானும் நல்லாத்தான் நிப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. சசிதான் சிரித்தான்.

"குதிக்க மாட்டேன்க்கா. தூர நின்னு பந்து போட்டுட்டு வந்துர்றேன். பயலுங்க பாவம்."

அன்று திடல் நிறைந்திருந்தது. மகிழ்ச்சியில் முதலாளி உறுமி மேளக் குழுவையே வரவழைத்துவிட்டார். எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் அடிக்கும் அதே அடி. சின்ன வயதில் உறுமி கேட்டால் சசியைக் கட்டிப்போட முடியாது, குதிக்கத் தொடங்கிவிடுவான். முதலாளிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

சசி இறங்கினான். சொன்னபடியே தூர நின்றான், பந்தைக் கைமாற்றினான். நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அந்த முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலை அவன் முழுதாக ஊன்றவில்லை. ஆட்டம் முடியும் நேரம், புள்ளிகள் சமம். உறுமி வேகம் பிடித்தது. வளையத்தில் பட்ட பந்து மேலே எழும்பியது.

அவன் குதித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குச்சிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது கூச்சல். கண் திறந்தபோது பந்து வலையில் இறங்கியிருந்தது. சசி நின்றுகொண்டிருந்தான். பையன்கள் அவனைத் தூக்கினார்கள்.

"காலுடா! காலு!" என்று கத்தினேன்.

"முட்டிய தனியா தூக்கிக்கிறோம்க்கா!" என்றான் ஒருவன்.

சாத்தப்பன் வேர்த்துப்போய் வந்தார். "தம்பி சிங்கம்லா! இந்த வருஷச் செலவு பூரா என் பொறுப்பு. ஆனா எல்லா ஆட்டத்துலயும் இவன் இறங்கணும். என்னம்மா?"

முருகையா அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லா ஆட்டமும் என்றால் டாக்டர் என்ன சொல்வார் என்று கேட்க நான் வாயெடுத்தேன்.

"ஆடுறேன் ஐயா" என்றான் சசி, என்னைப் பார்க்காமல்.

வீட்டுப் படியில் அவன் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து ஏறினான். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். முட்டி வீங்கி, தொட்டால் சுட்டது. துணியில் ஐஸ் கட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சி ரூசா ஊரில் அடுத்த ஆட்டம். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அன்று எனக்கு முறை. மேற்பார்வையாளரிடம் சொல்லி முறையை மாற்றிக்கொண்டேன். அவன் கீழே விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே.