பத்துப் பேர் வேண்டும்

கலைச்செல்விக்கு இருபத்திரண்டு வயது. சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. வாரம் ஆறு நாள் புடவை விரித்துக் காட்டி மடித்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளைக் கையில் பிடிக்க முடியாது. எல்லை தாண்டிக் கழக்கூட்டத்துக்குக் கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஓர் அறக்கட்டளை சார்பில் தலைமைப் பயிற்சி நடத்திவந்தாள். வாரம் ஒரு பிள்ளை தலைவர். அன்றைக்குக் கலைச்செல்வியே ஆனாலும் கையைத் தூக்கி அனுமதி வாங்கித்தான் பேச வேண்டும்.

கொரோனா வந்ததும் கடையும் பூட்டு, கூட்டம் நடந்த அறையும் பூட்டு. மூன்று மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து மீரா மேடம் கூப்பிட்டார். ஞாயிறு பத்து மணிக்குப் போனில் கூட்டம் வைக்க வேண்டும், தானும் வருவதாகச் சொன்னார். பத்துப் பேராவது இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். கலைச்செல்வி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். எல்லாரும் வருவதாகத்தான் சொன்னார்கள்.

ஞாயிறு பத்தேகால். அவளையும் மேடத்தையும் தவிர, திரையில் நான்கே கட்டங்கள். நெட் தீர்ந்துவிடும் என்று யாரும் கேமராவைத் திறக்கவில்லை. பிள்ளைகளின் பெயர்கூட இல்லை. 'நெல்லையப்பன் மேஸ்திரி', 'செல்வின் பெயின்டிங்' என்று அப்பாக்களின் பெயர்கள்தாம்.

"மேடம்... நாலு பேர்தான் வந்திருக்காங்க," என்றாள்.

"நில்லுங்கக்கா!" மேஸ்திரியின் மகள் ஜெபமலரின் குரல். ஒன்பதாம் வகுப்பு, மார்ச் மாதத்திலிருந்து தன் முறைக்குக் காத்திருப்பவள். "இன்னைக்கு லீடர் நானாக்கும். கை தூக்காம பேசுறீங்க?"

"தூக்கினா உனக்குத் தெரியுமாடி?"

"தூக்கலன்னு எனக்குத் தெரியும். முதல்ல எண்ணம் சொல்லணும், கேட்டோ. அது இல்லாம கூட்டம் தொடங்காது."

எண்ணம் என்றால் மலையாளத்தில் எண்ணிக்கை; அது அவர்கள் வழக்கம். வரிசையாக நின்று, ஆளுக்கு ஓர் எண்ணாகச் சொல்லுவார்கள். போனில் எல்லாரும் ஒரேயடியாகக் கத்துவார்களே என்று கலைச்செல்விதான் அதை விட்டுவிட்டுக் கட்டங்களை எண்ணியிருந்தாள்.

"ஒண்ணு," என்றாள் ஜெபமலர்.

"ரெண்டு." அதே கட்டத்திலிருந்து வேறொரு குரல். "மூணு." "நாலு."

ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடு. நெட் உள்ள போன் ஒன்று. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செல்வினின் கட்டத்திலும் அதே கதைதான். எண்ணிக்கை ஏழு, எட்டு என்று ஏறியது. பத்து வந்தபோது கலைச்செல்வி மூச்சு விட்டாள்.

"பதினொண்ணு."

"நானும் பதினொண்ணு."

"போடா, நீ பன்னெண்டு!"

மீரா மேடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"மேடம், கை," என்றாள் ஜெபமலர்.

"தூக்கிட்டேன்மா. அடுத்த ஞாயிறும் இதே நேரம்தானே?"

வீட்டில் ஒரே போன் இருந்தால் வகுப்புக்கு அதை யார் முதலில் எடுப்பது என்பது அன்றைய தலைப்பு. முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். கலைச்செல்வி கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.